கழுத்தில் நெறி கட்டும் காய்ச்சல்

காலில் முள் குத்திப் புண்ணாகிச் சீழ் பிடித்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் ஒரு சிறு கட்டி தோன்றி வலிப்பதை நீங்கள் அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். "நெறி கட்டியிருக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முள் குத்தியது பாதத்தில்; கட்டி தோன்றியதோ தொடை இடுக்கில்! இது ஏன்?

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் உள்ளன. பாதத்திலிருந்து மேலே செல்லும் நிணநீர், தொடை இடுக்கில் உள்ள அவரை விதை போன்ற நிணநீர்க் கணுக்களின் வழியாகவே செல்ல வேண்டும். அக்கணுக்களை நம் ஊர் எல்லையில் உள்ள சோதனைச் சாவடிகளுக்கு ஒப்பிடலாம். புண்ணிலிருந்து வரும் கிருமிகள் அங்கே தடுத்து நிறுத்தப்படுகின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளை அணுக்கள் அங்கேயே பெருகுகின்றன. கூட்டம் கூடினால் சாவடி கொள்ளாது அல்லவா? அந்த நெரிசலே வீக்கம்.

இத்தகைய கணுக்கள் அக்குளிலும் கழுத்திலும் உண்டு. முள்ளும் குத்தவில்லை, புண்ணும் இல்லை. ஆனால் கழுத்தின் இரு பக்கங்களிலும் பிடரியிலும் நெறி கட்டி, காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அது என்னவாக இருக்கும்? அப்படி வரும் ஒரு நோயைப் பற்றியதே இக்கட்டுரை. உங்கள் வயதினரையே அது அதிகமாகப் படுக்கையில் தள்ளுகிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். இந்நோயைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவை என் வீட்டில் நானே செய்த இரண்டு தவறுகள்.

முதல் தவறு

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில். அப்போது என் அண்ணன் மகன் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். கபடியில் கெட்டிக்காரன். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலியால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. "பால்கோவாவையே வேண்டாங்கிறானே!" என்று என் அம்மா கவலைப்பட்டார். கழுத்தில் வீக்கத்தைக் கண்டதும், "பொன்னுக்கு வீங்கிதான்" என்று தம் தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பேரன் கழுத்தில் போட்டுவிட்டார்.

பொன்னுக்கு வீங்கி என்பது வேறு நோய். அதில் காதுக்கு முன்னும் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும். இவனுக்கோ கன்னத்தில் வீக்கமில்லை. கழுத்தில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள். அந்த வேறுபாடு எங்களில் எவருக்கும் அன்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலை நான் அலமாரியைத் திறந்தேன். என் பல்வலிக்காக எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரைகள் இருந்தன. "தொண்டைப் புண்தானே, இது கேட்கும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாளில் அவை தீர்ந்தன, காய்ச்சல் தீரவில்லை. ஏழாம் நாள் காலையில் பார்த்தால் அவன் மார்பிலும் முதுகிலும் கைகளிலும் சிவந்த தடிப்புகள்! அம்மை என்று எண்ணி அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். அண்ணிதான், "எதுவானாலும் டாக்டர் பார்க்கட்டும்" என்று பிடிவாதமாக அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன்.

மருத்துவர் தொண்டையை விளக்கடித்துப் பார்த்தார். பிடரியில் விரல்களால் தடவிப் பார்த்தார். பிறகு அவனை மல்லாந்து படுக்கச் சொல்லி, இடது விலா எலும்புகளுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா, சார்?" என்று கேட்டார். சொன்னேன். "அதனால வந்த தடிப்புதான் இது. அம்மை இல்லை" என்றார். இரத்தப் பரிசோதனை அவர் எண்ணியதை உறுதி செய்தது.

"இதுக்குன்னு தனியா மருந்து கிடையாது. ஓய்வுதான். ஆனா ஒரு மாசத்துக்குக் கபடி கூடவே கூடாது" என்றார் மருத்துவர்.

அடுத்த வாரம் ராஜபாளையத்தில் பள்ளிகளுக்கிடையே கபடிப் போட்டி. "காய்ச்சல் விட்டாக்கூடப் போகக் கூடாதா, டாக்டர்?" என்று பையன் கெஞ்சினான். "கூடாது" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. தொண்டை வலிக்கும் கபடிக்கும் என்ன தொடர்பு? பிறகு பார்ப்போம். முதலில் நோயின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம்.

பெயர் வந்த வழி

1889-ஆம் ஆண்டில் எமில் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், காய்ச்சலுடன் கழுத்தில் நெறி கட்டும் ஒரு நோயை விவரித்து, அதற்குச் 'சுரப்பிக் காய்ச்சல்' என்று பெயரிட்டார். நிணநீர்க் கணுக்களை அந்நாளில் சுரப்பிகள் என்றே கருதினர். பழைய பெயர் இன்றும் வழங்குகிறது.

1920-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்பிரண்ட், எவன்ஸ் என்ற இருவர், இதே போன்ற நோய் கண்ட ஆறு இளைஞர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். ஒற்றை உட்கரு கொண்ட வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. அவற்றின் உருவமும் வழக்கத்திற்கு மாறாக இருந்தது. இரத்தப் புற்றுநோயோ என்று அஞ்சத்தக்க தோற்றம்! ஆனால் அறுவரும் தாமாகவே குணமடைந்தனர். எனவே, தொற்றினால் ஒற்றை உட்கரு அணுக்கள் பெருகும் நோய் என்ற பொருளில், 'இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்' என்று பெயர் வைத்தனர். 'மோனோ' என்றால் ஒன்று; 'நியூக்ளியஸ்' என்றால் உட்கரு. நாம் சுருக்கமாக 'மோனோ' என்றே அழைப்போம்.

1932-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால், பன்னல் என்ற இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். மோனோ நோயாளியின் இரத்தச் சீரத்தை ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்தால், அவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன! நோயாளிக்கும் செம்மறி ஆட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோயின்போது உடல் அவசரமாகப் பலவகை எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. அவற்றுள் சில, சம்பந்தமே இல்லாத ஆட்டின் அணுக்களையும் பற்றிக்கொள்கின்றன. காரணம் முழுதும் விளங்காவிட்டாலும் சோதனை பயன்பட்டது. பிற்காலத்தில் குதிரையின் சிவப்பணுக்களைக் கொண்டு சில நிமிடங்களில் செய்யும் சோதனையும் வந்தது.

நோயின் பெயர் தெரிந்தது; சோதனையும் கிடைத்தது. ஆனால் நோயை உண்டாக்கும் கிருமி எது? அதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூடுபனியும் மின்னணு நுண்ணோக்கியும்

இப்போது நாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். உகாண்டாவின் கம்பாலா நகரில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியைப் பற்றி 1958-இல் எழுதினார். 1961-இல் அவர் லண்டனில் ஆற்றிய உரையை மைக்கேல் எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர் கேட்டார். அக்கட்டிக்கு ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கட்டியின் துண்டுகள் கம்பாலாவிலிருந்து விமானத்தில் லண்டனுக்கு வரத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேடியும் வைரஸ் அகப்படவில்லை.

1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் கடும் மூடுபனி. துண்டைக் கொண்டுவந்த விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பி விடப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த புட்டியில் திரவம் கலங்கிப் போயிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று எறிந்திருக்கலாம். எப்ஸ்டீன் எறியவில்லை, ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அன்று. கட்டியிலிருந்து உதிர்ந்து மிதந்த உயிருள்ள அணுக்கள்! அவற்றைத் தனியே வளர்க்க முடிந்தது. எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகிய மூவரும் அந்த அணுக்களுக்குள் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டதை 1964-இல் வெளியிட்டனர். அதுவே எப்ஸ்டீன்-பார் வைரஸ். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இங்கே என் பாடத்திலிருந்து ஒரு செய்தி சொல்ல அனுமதியுங்கள். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான நுட்பங்களைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. அதாவது, அதன் எல்லை சுமார் 200 நானோமீட்டர். இவ்வைரஸோ சுமார் 150 நானோமீட்டர்தான். எவ்வளவு நல்ல வில்லை வைத்தாலும் பயனில்லை! ஆனால் ஓடும் எலெக்ட்ரானுக்கும் அலைப்பண்பு உண்டு என்று 1924-இல் டி பிராய் கூறினார். 50,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானின் அலைநீளம் ஒரு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கொண்டு 1931-இல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் மின்னணு நுண்ணோக்கியை அமைத்தனர். அக்கருவி இல்லாமல் எப்ஸ்டீன் குழுவினரால் வைரஸைக் கண்ணால் கண்டிருக்க முடியாது.

நோயுற்ற உதவியாளர்

புற்றுக்கட்டியில் கண்ட வைரஸுக்கும் காய்ச்சலுக்கும் என்ன உறவு? அதை வெளிப்படுத்தியது ஒரு தற்செயல் நிகழ்ச்சி.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற தம்பதியர் இவ்வைரஸை ஆராய்ந்து வந்தனர். இதை எதிர்க்கும் எதிர்ப்பொருள், சோதித்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் இரத்தத்தில் இருந்தது. அவர்களது ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரின் இரத்தத்தில் அது இல்லை. 1967-இல் அந்த இளம்பெண்ணுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. மோனோ என்று தெரிந்தது. குணமாகித் திரும்பியபின் சோதித்தால், அவர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது! யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தச் சீரங்களும் இதையே காட்டின. மோனோ வந்த மாணவர்களின் பழைய இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. நோய்க்குப் பின் இருந்தது. முன்பே எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு நோய் வரவில்லை. 1968-இல் இம்முடிவுகள் வெளியாயின.

புற்றுநோய் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். உலகில் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலானவர்களின் உடலில் இவ்வைரஸ் குடியிருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே, வேறு காரணங்களும் சேரும்போது, அத்தகைய தீங்கு நேர்கிறது.

ஒரே வைரஸ், இரு வேறு விளைவுகள்

தொண்ணூறு பேருக்கு மேல் தொற்றும் வைரஸ் என்றால், ஊரில் பாதிப் பேருக்காவது மோனோ வந்திருக்க வேண்டுமே? ஏன் வரவில்லை?

விடை வயதில் இருக்கிறது. சிறு குழந்தைக்கு இவ்வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் எதுவுமே தெரிவதில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல் போல வந்து போய்விடும். அதே வைரஸ் பதின்மூன்று, பதினேழு, இருபது வயதில் முதன்முறையாகத் தொற்றினால், நால்வரில் ஒருவருக்காவது மோனோவாக வெளிப்படுகிறது.

இது எச்சிலின் வழியே பரவும் நோய். நம் வீடுகளில் குழந்தைக்கு முத்தமிடுவோர் பலர். ஒரே தட்டில் ஊட்டுவோர் பலர். ஆகவே நம் நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே வைரஸ் சத்தமின்றி வந்துவிடுகிறது. குடும்பம் சிறிதாகி, வசதியும் தூய்மையும் கூடும்போது முதல் தொற்று பிந்துகிறது. மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களின் நோயாக இது பேர் பெற்றதற்கும் 'முத்த நோய்' என்ற கேலிப் பெயர் பெற்றதற்கும் இதுவே காரணம். அதற்காகக் குழந்தைகளுக்கு எச்சிலை ஊட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை! எச்சிலின் வழியே பரவும் நோய்கள் வேறு பல உண்டு.

பள்ளியில் நீங்கள் கடலை மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்துப் பங்கு போட்டிருப்பீர்கள். சட்டைத் துணியை மேலே போட்டுக் கடித்தால் எச்சில் படாது என்பது நம் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியைப் பாருங்கள். அதில் இழைகளுக்கிடையே உள்ள கண் ஒன்று ஒரு மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து லட்சம் நானோமீட்டர். 150 நானோமீட்டர் வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால், அந்த ஒரு கண்ணில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை தோளோடு தோள் நிற்கும்! சட்டைத் துணியின் நெருக்கமான நெசவும் ஈரமானால் எச்சிலைக் கடத்திவிடும். அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் இதைவிட நல்ல பாதுகாப்பு.

எச்சிலில் புகுந்த வைரஸ், தொண்டையில் உள்ள 'பி' லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களுக்குள் நுழைகிறது. நான்கு முதல் ஆறு வாரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு உடல் விழித்துக்கொள்கிறது. 'டி' லிம்போசைட் என்ற மற்றொரு படை பெருமளவில் திரண்டு, வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கிறது. 1920-இல் கண்ட விந்தையான அணுக்களில் பெரும்பாலானவை இந்தப் போர்வீரர்களே. காய்ச்சல், நெறி, அசதி யாவும் பெரும்பாலும் இப்போரின் விளைவுகள்தாம். போர் முடிந்தாலும் வைரஸ் முற்றிலும் ஒழிவதில்லை. உடலில் வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடக்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

மருத்துவர் கவனிக்கும் அறிகுறிகள் இவை:

1. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் நீடிக்கும் காய்ச்சல்.

2. கடுமையான தொண்டை வலி. டான்சில்கள் வீங்கி, அவற்றின் மேல் வெண்மையான படிவு.

3. கழுத்தின் இரு பக்கமும், சிறப்பாகப் பிடரிப் பக்கமும் நெறி கட்டுதல்.

4. எழுந்து நடக்கவே தோன்றாத அசதி.

5. சுமார் பாதிப் பேருக்கு மண்ணீரல் வீக்கம். சிலருக்குக் கல்லீரலும் தாக்கப்பட்டு, மிகச் சிலருக்குக் கண் மஞ்சளாதல்.

இரத்தத்தில் லிம்போசைட்டுகளின் விகிதமும் உருவமும் மாறியிருக்கும். ஆட்டு அணு, குதிரை அணு வழிவந்த சோதனை முதல் வாரத்தில் சிலருக்கு 'இல்லை' என்று தவறாகக் காட்டலாம். தேவையானால் வைரஸுக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையும் செய்வர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே நோயின் பெயரைத் தீர்மானித்துவிடாதீர்கள். நம் பகுதியில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தோன்றினால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அது அவசர நிலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாலும் தொண்டைப் புண் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவை. விட்டுவிட்டால் சிலருக்கு இதயமே பாதிக்கப்படும். கழுத்துக் கட்டி மாதக்கணக்கில் வற்றாமல் இருந்தால் காசநோயா என்றும் பார்க்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிவதே மருத்துவரின் வேலை.

நான் செய்த தவறு இப்போது உங்களுக்கு விளங்கும். அமாக்சிசிலின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது தொடாது. அதோடு, மோனோ உள்ளவர்கள் அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ சாப்பிட்டால் பலருக்கு உடலெங்கும் தடிப்பு தோன்றும். இத்தடிப்பு பெரும்பாலும் நிரந்தர ஒவ்வாமை அன்று. ஆயினும் அது வந்ததை மருத்துவரிடம் சொல்லிக் குறித்து வைக்க வேண்டும். மிச்சமான மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை, அறிவியல் கற்பிக்கும் நான் அன்றுதான் கற்றேன்.

கபடி ஏன் கூடாது?

மண்ணீரல் வயிற்றின் இடது மேல்பகுதியில், விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. சுமார் 150 கிராம் எடையுள்ளது. இரத்தத்தை வடிகட்டும் பெரிய நிணநீர்க் கணு போன்றது எனலாம். மோனோவின்போது லிம்போசைட்டுகள் அதில் நிறைந்து, அது விலாவின் காவலைத் தாண்டிக் கீழே இறங்கும். அதன் மேலுறையும் மெலிந்து விறைக்கும்.

ஒரு பலூனை நினைத்துப் பாருங்கள். ஒரே அழுத்தம் உள்ள இரண்டு கோளங்களில், ஆரம் பெரியதாக உள்ளதன் சுவரில்தான் இழுவிசை அதிகம் என்று இயற்பியலில் படிப்பீர்கள். மண்ணீரல் பலூன் அன்று. எனினும் வீங்கிய உறுப்பு ஏன் எளிதில் கிழியும் என்பதை உணர இந்த ஒப்புமை போதும். கபடியில் எதிரணியினர் ஏழு பேரும் உங்கள் மேல் விழுந்தால்? மண்ணீரல் கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. இது அரிதாகவே, நூறு நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆனால் நேரும்போது பெரும்பாலும் நோயின் முதல் மூன்று, நான்கு வாரங்களில் நேர்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று நாம் எண்ணும் அதே சமயம் அது!

ஆகவே குறைந்தது நான்கு வாரங்களுக்குக் கபடி, மல்யுத்தம், கால்பந்து, பாரம் தூக்குதல் ஆகியவை வேண்டாம். பிறகும் மருத்துவர் பார்த்து, 'போகலாம்' என்று சொன்ன பின்னரே ஆடுகளம்.

தேறி வருவது எப்படி?

இவ்வைரஸுக்கு வழக்கத்தில் தடுப்பூசியும் இல்லை. நோயை விரட்டும் மருந்தும் இல்லை. உடல் தானே வெல்லும். அதற்கு இடையூறு செய்யாமல் இருப்பதே சிகிச்சை.

தண்ணீர், கஞ்சி, மோர், இளநீர் என்று தொண்டைக்கு இதமானவற்றை அடிக்கடி குடிக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போதும். உங்கள் வயதினர் ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது. நோயாளியைத் தனி அறையில் பூட்ட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முன்பே வைரஸ் வந்திருக்கும். குவளை, கரண்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைப் பகிராமல் இருந்தால் போதும்.

மூச்சுவிடவோ தண்ணீர் விழுங்கவோ முடியாமை, இடது மேல்வயிற்றிலோ இடது தோளிலோ திடீர் வலி, மயக்கம், கண் மஞ்சளாதல், கடுந்தலைவலியோடு கழுத்து விறைப்பு ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சல் இரண்டு வாரத்தில் தணியும். நெறி மூன்று, நான்கு வாரத்தில் வற்றும். அசதி மட்டும் எல்லாவற்றிலும் பிந்திப் போகும். பலருக்குச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்.

இரண்டாம் தவறு

என் இரண்டாம் தவறு அந்த அசதியைப் பற்றியது. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது பையன் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் படுத்திருந்தான்.

"காய்ச்சல் விட்டு எத்தனை நாளாச்சு? இன்னும் என்னடா படுக்கை? கபடி ஆட விடலைன்னு வீம்பா?" என்று அதட்டினேன்.

"இல்ல சித்தப்பா. நாலு வரி படிச்சா கண்ணு சொருகுது. மாடிப்படி ஏறினா காலு நடுங்குது" என்றான்.

நான் நம்பவில்லை. மறுநாள் அவன் பிடிவாதமாகப் பள்ளிக்குச் சென்று, பிற்பகலில் வகுப்பிலேயே மயங்கிச் சாய்ந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். மருத்துவர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: "சார், வெளியே தெரியிற காய்ச்சல் போயிடுச்சு, உள்ளே வேலை இன்னும் முடியலை. அவன் சோம்பேறி இல்லை."

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. அசதியை அளக்கக் கருவி இல்லை. கருவி காட்டாததை இல்லை என்று நான் எண்ணிவிட்டேன். அளக்க முடியாதது வேறு, இல்லாதது வேறு என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்பவனே நான்தான்!

அதன்பின் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். முதல் வாரம் தெருமுனை வரை நடை, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும் படிப்பு, இடையே உறக்கம். அடுத்த வாரம் கோயிலின் தேரடி வரை நடை. பள்ளிக்கு அரை நாள். ஒரு நாள் அசதி கூடினால் மறுநாள் பழைய அளவுக்கே திரும்பிவிடுவோம். நாள் முழுதும் படுக்கையிலேயே கிடப்பதும் நல்லதன்று. உடல் தாங்கும் அளவுக்கு மேல் இழுப்பதும் நல்லதன்று. காலாண்டுத் தேர்வில் அவன் மதிப்பெண்கள் குறைந்தன. வகுப்பாசிரியரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டி நிலைமையைச் சொன்னோம். அரையாண்டில் ஈடு செய்தான். மருத்துவரின் அனுமதியோடு கார்த்திகை மாதத்தில் மீண்டும் கபடிக் களத்தில் இறங்கினான்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பில் ஒருவன் காய்ச்சலுக்குப் பின் வாரக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் கேலி செய்யாதீர்கள். அவனுக்காகப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். உங்களுக்கே அந்நிலை வந்தால், முடியவில்லை என்பதை வீட்டிலும் பள்ளியிலும் தயங்காமல் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் யாருக்கோ எழுதிக் கொடுத்து மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அவற்றை நீங்களும் சாப்பிடாதீர்கள்; பிறருக்கும் கொடுக்க விடாதீர்கள். பெற்றோரிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.